ஓட ஆரம்பித்ததும் முட்டி வலி: நீ கேப் வாங்கலாமா?

ஓட ஆரம்பித்த புதிதில் முட்டி வலி வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது நீ கேப், அதாவது முட்டியில் மாட்டிக்கொள்கிற உறைதான். நானும் அதைத்தான் வாங்கினேன், அது சரிப்படவில்லை என்று இன்னொரு வகை, அப்புறம் முட்டிச் சில்லுக்குக் கீழே கட்டுகிற பட்டை, ஒட்டுகிற டேப், இடுப்புத் தசைக்கான ரப்பர் பேண்ட் என்று வரிசையாக எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது. எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை. இந்தச் சாமானில் கம்பெனியைவிட எந்த வகை, எந்த அளவு, எந்த வலிக்கு என்பதுதான் முக்கியம். என் முடிவு இதுதான்: மெல்லிய பின்னல் நீ கேப் வாங்கலாம், உதவும். ஆனால் ஓட்டத்தைக் குறைக்க மனசில்லாமல், வலியை அமுக்கிக்கொண்டு அதே தூரம் ஓடுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். வாங்கியதிலேயே அதிகம் பலன் தந்தது அந்த ரப்பர் பேண்ட்தான், ஆனால் அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

வாங்குவதற்கு முன்னால் வலி எந்த இடத்தில் என்று பாருங்கள், ஏனென்றால் எதை வாங்குவது என்பது அதைப் பொறுத்துத்தான். புதிதாக ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருவது முட்டிச் சில்லைச் சுற்றியும் அதற்குப் பின்னாலும் இருக்கிற ஒரு மந்தமான வலி. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒரு விரலால் காட்ட முடியாது, உள்ளங்கையை முட்டிமேல் வைத்து "இங்கெல்லாம்" என்றுதான் சொல்ல வரும். மாடிப்படி இறங்கும்போது, குத்துக்காலிட்டு உட்காரும்போது, ரொம்ப நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கும்போது கூடும். ரன்னர்ஸ் நீ என்று ஓடுகிறவர்கள் சொல்வது இதைத்தான், எனக்கு வந்ததும் இதுதான். சில்லுக்கு நேர் கீழே, ஒரு விரலால் அழுத்தினால் "ஆ" என்று சொல்கிற மாதிரி ஒரே புள்ளியில் வலி இருந்து, குதிக்கும்போது அதிகமானால் அது அங்கே இருக்கிற தசைநாணின், அதாவது தசையை எலும்போடு சேர்க்கிற நாரின் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். முட்டியின் வெளிப்பக்கம், ஓட ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் வரை ஒன்றுமே இல்லாமல் இருந்து, அப்புறம் சுருக் சுருக்கென்று குத்த ஆரம்பித்து ஓட்டத்தையே நிறுத்தவைத்தால் அது பெரும்பாலும் ஐடி பேண்ட், அதாவது இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முட்டிக்குக் கீழே வந்து சேருகிற அந்த நீளப் பட்டை. நீ கேப் ஏதாவது செய்தால் முதலாவது வலிக்குத்தான் செய்யும். கீழே கட்டுகிற பட்டை இரண்டாவதுக்கு. மூன்றாவதுக்கு இரண்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை.

முட்டி வீங்கியிருந்தால், மடக்கி நீட்டும்போது நடுவில் மாட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று விட்டுக்கொடுத்தால், கால் திரும்பி விழுந்தபோது உள்ளே "டப்" என்று சத்தம் கேட்டிருந்தால், எடையை ஊன்றி நிற்கவே முடியாவிட்டால், சூடாகச் சிவந்து கூடவே காய்ச்சலும் இருந்தால், சும்மா படுத்திருக்கும்போதும் ராத்திரியில் வலித்தால், தயவுசெய்து எதையும் ஆர்டர் போடாமல் மருத்துவரிடம் போங்கள். இது எதுவும் நீ கேப் சமாசாரம் இல்லை.

சரி, சாமானுக்கு வருகிறேன்.

முதலில் வாங்கியது கெட்டியான நியோப்ரீன் வகை, நடுவில் சில்லுக்கு ஓட்டை வைத்து, மேலேயும் கீழேயும் வெல்க்ரோ பட்டை போட்டு இறுக்குவது. நியோப்ரீன் ஒரு செயற்கை ரப்பர், தண்ணீருக்கு அடியில் நீந்துகிறவர்கள் போடுகிற உடை இதில்தான் செய்வார்கள், சூட்டை வெளியே விடாது. அந்தச் சூடு வீட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இதமாக இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஓடும்போது அதே குணம்தான் வினையாகிறது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வியர்வை கட்டிக்கொள்ளும், ஈரமானதும் கேப் தொடையிலிருந்து வழுக்கி இறங்கும், இறங்கினால் அந்த ஓட்டை சில்லின் மேல் விளிம்பிலிருந்து நழுவி அதன் ஓரம் சில்லையே அழுத்த ஆரம்பிக்கும், நின்று இழுத்துவிட்டு வெல்க்ரோவை இன்னும் ஒரு சுற்று இறுக்குவோம், இப்போது முட்டிக்குப் பின்னால் துணி மடிந்து அந்த மடிப்பு ஒவ்வொரு அடிக்கும் தோலை உரசும். கழற்றிப் பார்த்தால் முட்டிக்குப் பின்னால் சிவப்பாகக் கோடு. சிலருக்கு உரசல் இல்லாமலே அரிப்பும் தடிப்பும் வரும், நியோப்ரீன் தயாரிக்கும்போது சேர்க்கிற சில ரசாயனங்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்தால் கிரீம் தடவிக்கொண்டு தொடர வேண்டாம், அந்த வகையையே விட்டுவிடுங்கள். வெல்க்ரோவும் நாளாக ஆக நூலும் தூசியும் பிடித்து ஒட்டாமல் போகும். பக்கவாட்டில் உலோகக் கம்பி வைத்த மாடல்களும் இருக்கின்றன, அவை அடிபட்ட முட்டிக்கு மருத்துவர் சொல்லிப் போடுகிறவை, ஓட ஆரம்பித்ததால் வந்த சில்லு வலிக்கு அவை தேவையே இல்லை.

இரண்டாவது, மெல்லிய பின்னல் வகை. நைலானும் எலாஸ்டிக்கும் கலந்து குழாய் மாதிரி பின்னியிருப்பார்கள், கால் வழியாக ஏற்றிவிட வேண்டியதுதான். காற்று போகும், வியர்வை காயும், கால்சட்டைக்குள்ளே போட்டாலும் தெரியாது. இதில் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, உள்பக்கம் மேல் விளிம்பில் சிலிகான் கோடு ஓடுகிறதா. அது இருந்தால்தான் தொடையில் பிடித்து நிற்கும், இல்லாவிட்டால் நாலு தடவை துவைத்ததும் தொளதொளவென்று கணுக்காலை நோக்கி இறங்கிவிடும். இரண்டாவது, பின்பக்கப் பின்னல் முன்பக்கத்தைவிட மெல்லிசாக இருக்கிறதா என்று. அப்படி இருந்தால் மடக்கும்போது பின்னால் துணி குவியாது, இந்த ஒன்றுதான் அந்த உரசல் தொல்லையை அடியோடு நிறுத்தியது.

அளவு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு எம், எல் என்று போடாதீர்கள், சட்டை அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் அளவெடுக்கச் சொல்கிற இடமே வேறு, ஒருவர் சில்லின் நடுவில் சுற்றளவு கேட்பார், இன்னொருவர் சில்லுக்கு மேலே தொடையில் கேட்பார், ஆகையால் அவர்கள் படத்தில் காட்டியிருக்கிற இடத்திலேயே டேப்பை வைத்து, நின்றுகொண்டு, தொடையை இறுக்காமல் அளந்துகொள்ளுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதையே எடுங்கள். போட்ட பிறகு விளிம்புக்குள்ளே ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும், கழற்றினால் லேசான தடம் இருக்கலாம், பாதம் மரத்துப்போவதோ விரல்கள் குளிர்வதோ நிறம் மாறுவதோ கூடாது. தூங்கும்போது போட்டுக்கொண்டு படுக்காதீர்கள்.

இது என்ன செய்கிறது என்றால், சில்லை எங்கேயும் பிடித்துத் தாங்கவில்லை. இவ்வளவு மெல்லிய துணியால் ஓடுகிற ஒரு மனிதனின் எடையைத் தாங்க முடியாது என்பது கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். தோலை மெல்ல அழுத்திக்கொண்டே இருப்பதால் முட்டி எங்கே இருக்கிறது என்ற உணர்வு கூடுகிறது, கொஞ்சம் சூடு தருகிறது, பயத்தைக் குறைக்கிறது. பயம் குறைவது சின்ன விஷயம் இல்லை. வலிக்குமோ வலிக்குமோ என்று காலை நொண்டி நொண்டி வைக்கிறவர் இதைப் போட்டதும் சாதாரணமாக அடி வைக்க ஆரம்பிப்பார், அதிலேயே பாதி இறுக்கம் போய்விடும். ஆனால் அமெரிக்க ஃபிசியோதெரபி சங்கத்தின் எலும்பு மூட்டுப் பிரிவு இந்தச் சில்லு வலிக்கென்றே 2019ல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில், பிரேஸ், ஸ்லீவ் (இரண்டும் நீ கேப் வகைகள்தான்), பட்டை எதையும் இதற்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் செய்யச் சொல்வது இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துச் செய்கிற உடற்பயிற்சி. ஆகவே நான் "உதவும்" என்று சொல்வதை மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஓடும் நேரத்துக்கு ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

சில்லுக்குக் கீழே கட்டுகிற பட்டை எனக்கு ஒத்துவரவில்லை, அது அதன் குற்றமும் இல்லை, என் வலி அது வேலை செய்கிற இடத்தில் இல்லை. தசைநாண் வலிக்காரர்கள் ஓடும் நேரத்துக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம், சில்லுக்கும் கீழ்க்கால் எலும்பின் மேட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் உட்கார வேண்டும், சில்லின் மேலேயே கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கலர் கலராக வருகிற இழுபடும் டேப் 1970களில் ஜப்பானில் கென்சோ காசே உருவாக்கியது, விளையாட்டு வீரர்கள் மேல் அடிக்கடி பார்ப்பதால் அதுதான் நம் கண்ணில் படுகிறது. சில்லு வலிக்குக் கொஞ்சமாவது ஆதாரம் இருப்பது வேறு வகைக்கு, இழுபடாத கெட்டி டேப்பை வைத்துச் சில்லை ஒரு பக்கமாக மெல்ல இழுத்து ஒட்டுவது, ஆஸ்திரேலிய ஃபிசியோ ஜென்னி மக்கானல் 1980களில் கொண்டுவந்த முறை. அந்த 2019 வழிகாட்டியும் அவரவர் முட்டிக்கு ஏற்ப ஒட்டுகிற டேப்பை, உடற்பயிற்சியோடு சேர்த்து, முதல் நாலு வாரத்துக்கு வலி குறைக்கப் பயன்படுத்தலாம் என்கிறது. சரியாக ஒட்டியபோது படி இறங்குவது உடனே இலகுவானது, அது நிஜம். ஆனால் ஒருவர் ஒட்டிக் காட்ட வேண்டும், வீடியோ பார்த்து ஒட்டினால் பாதி நேரம் சுருங்கிக்கொண்டுதான் நிற்கும், ரோமம் இருக்கிற காலில் கழற்றுவது தனி வேதனை.

இப்போது அந்த ரப்பர் பேண்ட். வளையமாக வரும், இரண்டு தொடையையும் சேர்த்து முட்டிக்குச் சற்று மேலே மாட்டிக்கொள்வது. ரப்பர் மட்டும் இருக்கிற மெல்லிய வளையங்கள் சுருண்டுகொண்டு கயிறு மாதிரி ஆகித் தோலை அறுக்கும், சீக்கிரம் விளிம்பில் கிழியவும் செய்யும், ஆகையால் துணி சேர்த்து நெய்த அகலமான வகையை வாங்குங்கள், அது உருண்டு போகாது. கண்ணாடி முன்னால் நின்று ஒரு படிக்கட்டிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கிப் பாருங்கள், நிறையப் பேருக்கு முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து பெருவிரலைத் தாண்டிப் போகும், எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்கும். ஓடும்போதும் ஒவ்வொரு அடியிலும் இதேதான் நடக்கிறது, சில்லு தன் பள்ளத்தில் ஓரமாக அழுந்துகிறது. அந்தச் சாய்வைப் பிடித்து நிறுத்துகிற வேலை இடுப்பின் பக்கவாட்டுத் தசையுடையது. பேண்டை மாட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தால் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்பது உடனே எரிந்து காட்டும். ஒருக்களித்துப் படுத்து மேல் முட்டியைத் திறந்து மூடுவது, சுவரில் முதுகைச் சாய்த்து வலிக்காத ஆழம் வரைக்கும் மட்டும் உட்கார்ந்து நிற்பது, அப்புறம் அந்தப் படி இறங்குவதையே குட்டையான படியில் மெதுவாக. ஒன்றுவிட்டு ஒருநாள் செய்தால் போதும். ஒரே வாரத்தில் மாயம் நடக்காது, தசை ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், இடையில் "ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு முதலில் மாறியது ஓட்டம் இல்லை, மாடிப்படி. கைப்பிடியைத் தேடாமல் இறங்குகிறேன் என்பதையே இறங்கி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

பேண்டைவிடவும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள். எவ்வளவு ஓடுகிறோம் என்பதுதான் அது. ஓட ஆரம்பித்தால் மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும், தசைநாணும் எலும்பும் குருத்தெலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தை ஏற்றும்போது முட்டி இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்காது. வலி வருவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான், தேய்ந்துபோனதால் இல்லை. ஓடினால் முட்டி தேயும் என்று பயமுறுத்துகிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு, அவர்களுக்காக ஒரு கணக்கு: பல ஆய்வுகளைச் சேர்த்து 2017ல் வந்த ஒரு பகுப்பாய்வில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகத் தீவிரமாக ஓடுகிறவர்களில்தான் அது 13.3 சதவீதம்.

கனடாவில் நடந்து 2018ல் வெளியான ஒரு சோதனையைப் பற்றிப் படித்தபோதுதான் இது எனக்குத் தெளிவானது. இதே சில்லு வலி இருந்த 69 ஓட்டக்காரர்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஓட்டத்தின் அளவை எப்படிக் குறைத்து ஏற்றுவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு அதோடு உடற்பயிற்சி, மூன்றாவதுக்கு உடற்பயிற்சிக்குப் பதிலாக ஓடும் விதத்தை மாற்றும் பயிற்சி. எட்டு வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினருமே ஏறத்தாழ ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். அதில் சொல்லிக்கொடுத்த விதி எளிமையானது: ஓடும்போது வலி பத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது, ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். தாண்டினால் அடுத்த முறை தூரத்தைக் குறை, வேகத்தைக் குறை, இறக்கத்தை விடு. முழு ஓய்வு என்று மாதக்கணக்கில் படுத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. நீ கேப்பைப் பற்றி எனக்கு இருக்கிற உண்மையான கவலையும் இங்கேதான். அது அந்த இரண்டை ஒன்று மாதிரிக் காட்டும், நாம் தூரத்தைக் கூட்டுவோம், ராத்திரி முட்டி அதைச் சொல்லும். எனவே அதைப் போட்டு ஓடுகிற நாளில் ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரம் கழித்து, கழற்றிவிட்டு, ஒரு படி இறங்கிப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கவுச் டு 5கே (சோஃபாவிலிருந்து 5 கி.மீ. ஓட்டம் வரை) மாதிரி ஒரு அட்டவணையைப் பிடித்துக்கொள்வது நல்லது. 1996ல் ஜாஷ் கிளார்க் என்பவர் உருவாக்கியது, ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள், முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி. நல்ல திட்டம்தான். ஆனால் ஐந்தாவது வாரத்தின் கடைசி நாளில் இடையில் நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்லும், முட்டி முணுமுணுக்கிறவர்கள் அங்கே அட்டவணைக்குக் கட்டுப்படத் தேவையில்லை, நாலாவது வாரத்தையே இன்னும் சில வாரம் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

காலடிகளைக் கொஞ்சம் குட்டையாக்கி அடிக்கடி வைப்பதும் உதவும். 2011ல் வந்த ஓர் ஆய்வில் அதே வேகத்தில் காலடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டி வாங்குகிற சுமை குறைகிறது என்று காட்டினார்கள். நிமிடத்துக்கு 160 வைக்கிறவர் 168 வைத்தால் போதும், போனில் மெட்ரோனோம், அதாவது சீராகத் தாளம் தட்டுகிற ஆப் வைத்துக்கொண்டு பழகலாம், பலரும் சொல்கிற மாதிரி எல்லோரும் 180 வைத்தே தீர வேண்டும் என்பது இல்லை.

ஷூவில் முட்டி வலிக்கு என்று தனியாக விற்கிற எதையும் நான் நம்புவதில்லை, விரல்களுக்கு இடம் விட்டு, போட்டதும் சௌகரியமாக இருப்பதை வாங்குங்கள், குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோன பழைய ஷூ மட்டும் வேண்டாம். தசைமேல் உருட்டுகிற ஃபோம் ரோலர் தொடையை இலகுவாக்கும், ஆனால் ஐடி பேண்ட் மேல் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டுவதில் பலன் இல்லை, அது அவ்வளவு கெட்டியான பட்டை, உருட்டி நீட்ட முடியாது.

நீ கேப் வாங்கியவர்களுக்குக் கடைசியாக இரண்டு விஷயம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு குளிர்ந்த தண்ணீரில் லேசான சோப்பு போட்டுக் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், சிலிகான் கோடு விட்டுப்போகும். அப்புறம், வலி அந்த இரண்டுக்குள்ளேயே சில வாரம் நின்றுவிட்டால் முதலில் வாரத்தின் குட்டை ஓட்டத்தில் அதைக் கழற்றுங்கள், அது சரியாக இருந்தால் அடுத்த ஓட்டத்தில், நீள ஓட்டத்தில் கடைசியாக. நான் இப்போது இறக்கம் அதிகம் இருக்கிற நாளில் மட்டும்தான் போடுகிறேன், மற்ற நாட்களில் அது பையிலேயே கிடக்கிறது. ரப்பர் பேண்டில் ஒன்று நைந்துபோய்விட்டது, அதையே மறுபடி வாங்கிக்கொண்டேன்.